ஓட்டை தெரிந்த தேதியையும் சேர்த்துப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிகள் ரான்சம்வேரால் (தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) முடங்கிய செய்தி வந்திருந்தது. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே திருப்பிச் சொல்லவில்லை. அவர்கள் பாடு ஏற்கெனவே பெரும்பாடாக இருக்கும். என்னை எழுத வைத்தது அந்தச் செய்தியின் நான்காவது பத்தி. "இதுவரை யாரும் கண்டிராத நுட்பமான தாக்குதல்" என்று நிறுவனத்தின் அறிக்கையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தீர்கள். அடுத்த பத்தியில், தரவின் பிரதிகளை எடுத்து வைக்கும் பேக்கப் சர்வர் வழியாக உள்ளே வந்திருக்கலாம் என்று ஊழியர் ஒருவர் சொன்னதாகவும் இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததும் எனக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்த ஐந்தாவது பத்தி போதும். யாரும் கண்டிராத தாக்குதலாக அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

நான் 22 வருடமாக ஸ்டோரேஜ் அட்மின். இந்த வேலை என்னவென்று வெளியே யாருக்கும் தெரியாது. என் மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளியில் அப்பாவின் வேலையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். "அப்பா பெரிய பெரிய பீரோக்களைப் பார்த்துக்கொள்கிறார்" என்று எழுதினாள். அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த பீரோக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கில் சர்வர்கள் ஓடும் இடங்களில் தரவு அந்தந்த சர்வருக்குள்ளேயே இருப்பதில்லை. தனியாக நிற்கும் ஸ்டோரேஜ் பெட்டிகளில் இருக்கும். எந்த சர்வருக்கு எவ்வளவு இடம், எதற்கு எங்கே பிரதி, எந்த ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவு) எத்தனை நாள் இருக்க வேண்டும், எதை அழிக்கலாம் என்பதையெல்லாம் ஒரே திரையில் உட்கார்ந்து செய்வதற்கு ஒரு மேலாண்மை மென்பொருள் உண்டு. சாவிக்கொத்து அதுதான். அந்தத் திரைக்குள் ஒருவன் வந்துவிட்டால் அவன் ஒவ்வொரு சர்வராகப் பூட்டை உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சர்வருக்கு அடியில் இருக்கும் தரையையே உருவிவிடலாம். ஆனால் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் மின்னஞ்சலும் மடிக்கணினியும்தான் பேச்சாக இருக்கும். பீரோ பக்கம் யாரும் திரும்புவதில்லை.

இந்த மென்பொருள்களில் ஓட்டைகள், அதாவது திருடன் நுழைய வழி விடும் பிழைகள், இருப்பது ரகசியம் ஒன்றுமில்லை. 1999 முதல், கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு சிவிஇ என்று ஆண்டும் எண்ணும் கொடுத்துப் பட்டியலிடுகிறார்கள். 10-க்கு இவ்வளவு என்று ஆபத்துக்கு மதிப்பெண் வேறு. 2021 நவம்பரிலிருந்து அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா இன்னொரு பட்டியலும் வைத்திருக்கிறது: திருடர்கள் நிஜமாகவே பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஓட்டைகள் மட்டும் அதில் இருக்கும். இரண்டும் இலவசம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தங்கள் நிருபரும் படிக்கலாம்.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். 2010 டிசம்பரில் ஹெச்பி நிறுவனத்தின் எம்எஸ்ஏ வகை ஸ்டோரேஜ் பெட்டியில் மறைவான ஒரு கணக்கு இருப்பது வெளியே வந்தது. பயனர் பட்டியலில் அது தெரியாது. பெயர் அட்மின். பாஸ்வேர்டு, முன்னால் ஒரு ஆச்சரியக்குறி போட்ட அட்மின். அவ்வளவுதான். சரி, ஒரு தடவை தவறிவிட்டது என்று பார்த்தால், 2013-இல் அதே நிறுவனத்தின் ஸ்டோர்ஒன்ஸ் என்ற பேக்கப் பெட்டியிலும் சர்வீஸ் ஆட்களுக்கென்று ஒளித்துவைத்த கணக்கு ஒன்று அகப்பட்டது. 7 எழுத்துப் பாஸ்வேர்டு. அடுத்த மாதமே ஸ்டோர்விர்ச்சுவல் என்ற இன்னொரு தயாரிப்பிலும் அதே மாதிரிப் பின்வாசல் இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஹெச்பியை மட்டும் குறை சொல்ல முடியாது. 2018-இல் டெல் ஈஎம்சியின் விமேக்ஸ் பெட்டிகளை நிர்வகிக்கும் மென்பொருளில் எஸ்எம்சி என்ற பெயரில், ஆவணங்களில் எங்கும் சொல்லப்படாத ஒரு கணக்கும் மாற்ற முடியாதபடி உள்ளேயே எழுதிவைத்த பாஸ்வேர்டும் இருந்ததை வெளியே இருந்த ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். விமேக்ஸ் என்றால் சாதாரணப் பெட்டி இல்லை. வங்கிகள் நம்பி வைக்கிற தரம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் எங்களுக்குக் காரணம் தெரியும். நள்ளிரவில் பெட்டி படுத்துவிட்டால், வாடிக்கையாளர் பாஸ்வேர்டை மறந்திருந்தால், சர்வீஸ் என்ஜினியர் எப்படியாவது உள்ளே போயாக வேண்டும். அந்த அவசரத்துக்கு வைத்த கதவு அது. அந்த என்ஜினியர்களால் எத்தனையோ இரவுகளில் நானே காப்பாற்றப்பட்டிருக்கிறேன், அதனால் கடுமையாகப் பேச வாய் வரவில்லை. ஆனால் ஆயிரம் வீட்டுக்கும் ஒரே சாவி என்றால், ஒரு வீட்டில் அதைப் படியெடுத்தவனுக்கு மற்ற 999 வீடும் திறந்துதான் கிடக்கும்.

இதிலெல்லாம் என்னை மிகவும் உறுத்தியது பிரோகேட் சான்நேவ் விவகாரம். ஸ்டோரேஜ் பெட்டிகளையும் சர்வர்களையும் இணைக்கும் ஃபைபர் ஸ்விட்சுகளை மேற்பார்க்கும் மென்பொருள் அது. பியர் பார் என்ற ஆராய்ச்சியாளர் அதில் 18 ஓட்டைகளைக் கண்டுபிடித்து 2022-இல் நிறுவனத்துக்குத் தெரிவித்தார். வந்த பதில் என்ன தெரியுமா? நீங்கள் சோதித்தது பழைய பதிப்பு, ஏற்க முடியாது. அவருக்குப் புதிய பதிப்பு கையில் கிடைக்கவே 2023 மே ஆகிவிட்டது. போட்டுப் பார்த்தால் அத்தனை ஓட்டையும் அப்படியே இருந்தன. பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் திருத்திய பதிப்பு வந்தது, 2024 ஏப்ரலில் விவரம் உலகத்துக்குத் தெரிந்தது.

அந்த 18-இல் ஒன்று இது: மென்பொருளை எத்தனை இடத்தில் புதிதாக நிறுவினாலும் அதற்குள் இருக்கும், பாதுகாப்பான தொடர்புக்கான எஸ்எஸ்ஹெச் சாவி எல்லா இடத்திலும் ஒன்றேதான். இன்னொன்று, முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்குக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பாஸ்வேர்டு. 2010-இல் சிரித்தோமே, அதே நகைச்சுவை 14 வருடம் கழித்து. ஸ்டோர்ஒன்ஸ் கதையும் முடிந்தபாடில்லை. 2025 ஜூனில் அதற்கு 8 ஓட்டைகளுக்கான திருத்தம் வெளியிட்டார்கள். அதில் ஒன்று பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போக விடுவது, மதிப்பெண் 9.8.

இதுவரை சொன்னது தயாரிப்பவர்கள் பக்கம். எனக்கு வாய் திறக்கக் கூச்சமாக இருப்பது எங்கள் பக்கத்தைப் பற்றி.

வெரிடாஸ் பேக்கப் எக்ஸெக் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பழைய அடையாளச் சோதனை முறை ஒன்று இருந்தது. புதிய பதிப்புகள் அதைப் பயன்படுத்துவதே இல்லை, ஆனால் யாரும் அதை நிறுத்தி வைக்கவில்லை. புழக்கத்தில் இல்லாத வாசல், அடைக்காத வாசல். அதையும் அதனோடு சேர்ந்த இரண்டு ஓட்டைகளையும் 2021 மார்ச்சில் நிறுவனம் அடைத்து பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) கொடுத்துவிட்டது. 2022 செப்டம்பரில் அந்த ஓட்டைகளைப் பயன்படுத்தும் கருவி மெட்டாஸ்பிளாயிட் என்ற ஊடுருவல் சோதனைக் கருவித் தொகுப்பில் சேர்ந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்ற நிலை. அடுத்த மாதமே நிஜத் தாக்குதல்களில் அது பயன்பட ஆரம்பித்ததாக மேன்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் பின்னால் எழுதியது. தாக்கியவர்கள் பிளாக்கேட் என்ற ரான்சம்வேர் கும்பலோடு சேர்ந்து வேலை செய்பவர்கள். 2023 ஏப்ரலில் அந்த அறிக்கை வந்தபோது இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த பேக்கப் எக்ஸெக் நிறுவல்கள் மட்டும் 8,500-க்கு மேல் இருந்தன. அவற்றில் எத்தனை பேட்ச் போட்டவை என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். பேக்கப் சர்வரை எதற்கு இணையத்துக்கு நேராக நிறுத்துகிறார்கள் என்பதே எனக்குப் புரியாத விஷயம்.

பேட்ச் வந்து தாக்குதல் வரை 19 மாதம். இந்த 19 மாதத்தில் பாதுகாப்புப் பேட்ச் போடாமல் ஒருவர் இருந்தால், அவர் மேல் நடந்த தாக்குதலை யாரும் கண்டிராதது என்று சொல்லலாமா, சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் அந்த அவகாசமும் கிடைப்பதில்லை. வீம் என்ற பேக்கப் மென்பொருள் உலகம் முழுக்கப் புழங்குவது. அதில் 9401 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) பேசினால் யார் என்றுகூடக் கேட்காமல், சேமித்து வைத்திருக்கும் கணக்குகளின் ரகசியங்களை எடுத்துக் கொடுத்துவிடும் ஓட்டை ஒன்று இருந்தது. சிவிஇ-2023-27532 அதன் எண். 2023 மார்ச் 7-இல் பேட்ச் வந்தது. அதே மார்ச் 28-இல் தாக்குதல்கள் கண்ணில் பட்டன. மூன்று வாரம். திருடர்களுக்கு பேக்கப் சர்வர் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்றால், எல்லா சர்வரிலிருந்தும் தரவை எடுக்க வேண்டியிருப்பதால் எல்லாருடைய பாஸ்வேர்டும் அதனிடம் இருக்கும். கூடவே, திரும்பி எழுந்திருக்க நமக்கு இருக்கும் ஒரே வழியும் அங்கேதான் இருக்கிறது. ஒரே கல், இரண்டு மாங்காய். 2024 செப்டம்பரில் அதே மென்பொருளில் 9.8 மதிப்பெண்ணில் இன்னொன்று வெளியானது. அக்டோபரில் அகிரா, ஃபாக் என்ற இரண்டு ரான்சம்வேர்க்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இனி என் கதை. நிறுவனத்தின் பெயரையோ மென்பொருளின் பெயரையோ சொல்லப்போவதில்லை. சில வருடங்களுக்கு முன் நடந்தது.

எங்களிடம் ஸ்டோரேஜ் மேலாண்மை சர்வர் ஒன்று இருந்தது. பெட்டிகளை வாங்கியபோது வெண்டரின் ஆள் வந்து நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனது. அது ஸ்டோரேஜ் குழுவின் சொத்தா, சர்வர் குழுவின் சொத்தா என்று கடைசிவரை முடிவாகவில்லை. விண்டோஸ் அப்டேட் நாங்கள் போடக் கூடாது, ஏனென்றால் அது சர்வர் குழுவின் வேலை. அவர்களும் போட மாட்டார்கள், ஏனென்றால் அது "வெண்டர் கொடுத்த அப்ளையன்ஸ்". பாதுகாப்புக் குழுவின் மாதாந்திர ஸ்கேனில் அது விலக்குப் பட்டியலில் இருந்தது. முன்பு ஒருமுறை ஸ்கேன் செய்தபோது தொங்கிவிட்டதாம், அதனால் யாரோ சேர்த்துவிட்டார்கள். சேர்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், பட்டியல் மட்டும் அப்படியே இருந்தது.

அதில் 9-க்கு மேல் மதிப்பெண் உள்ள ஓட்டை ஒன்றுக்கு பேட்ச் வந்தது. எனக்குத் தெரியும். வெண்டரின் அறிவிப்பு என் மின்னஞ்சலுக்கே வந்தது. படித்தேன். போட முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இது சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். பேட்ச் போட மென்பொருளைப் புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டும். புதிய பதிப்பு, பெட்டியில் புதிய ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) இருந்தால்தான் பேசும். புதிய ஃபர்ம்வேருக்கு சர்வர்களில் இருக்கும் ஃபைபர் கார்டு டிரைவரை மாற்ற வேண்டும். டிரைவரை மாற்ற ஓஎஸ் மாற வேண்டும். அந்த வரிசையின் கடைசியில் ஒரு பழைய டேட்டாபேஸ் சர்வர் உட்கார்ந்திருந்தது. அதில் ஓடிய அப்ளிகேஷனை எழுதிய கம்பெனியே இல்லாமல் போயிருந்தது. அதைத் தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை. எனக்கும்தான். ஒரு மேலாண்மைத் திரைக்கு பேட்ச் போட 40 சர்வர்களை நிறுத்த வேண்டும் என்று கேட்டு நான் டவுன்டைம் படிவம் கொடுத்தேன். திரும்பி வந்தது. அடுத்த காலாண்டில் மறுபடி கொடுத்தேன். மறுபடி வந்தது.

அப்புறம் அந்தப் படிவத்துக்குப் பதிலாக இன்னொரு படிவம் வந்தது: "இடர் ஏற்பு". ஓட்டை இருப்பது தெரியும், ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதியது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: "சர்வர் உள்வலையில் மட்டுமே உள்ளது." மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை எழுதக்கூட இல்லை, முந்தையதைப் படியெடுத்து ஒட்டினேன்.

உள்வலை என்பது என்ன பெரிய கோட்டை. கணக்குப் பிரிவில் ஒருவர் போலி மின்னஞ்சலைத் திறந்தார், திருடன் உள்வலையில் இருந்தான். எங்கள் மேலாண்மை சர்வரின் லாகின் பக்கத்தில் அடியில் சின்ன எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். அதைப் பார்த்தாலே போதும், எந்த ஓட்டை என்று தெரிந்துவிடும். அவன் பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி ஸ்னாப்ஷாட்டுகள் அழிய ஆரம்பித்தன. ஒவ்வொரு அழிப்புக்கும் மென்பொருள் எச்சரிக்கை அனுப்பியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். போன இடம்தான் தப்பு. ஓய்வு பெற்றுப் போய்விட்ட எங்கள் பழைய மேலாளரின் மின்னஞ்சல் பெட்டிக்குப் போயிருக்கிறது. பின்னால் திறந்து பார்த்தபோது 600-க்கும் மேல் கடிதங்கள், எல்லாம் படிக்கப்படாதவை.

நான் கவனித்தது வேறு ஒன்றை. ஞாயிறு காலை வழக்கமாக ஒரு கண்ணோட்டம் விடுவேன், அது பழக்கதோஷம். காலி இடம் 18 சதவீதத்திலிருந்து 41 சதவீதம் ஆகியிருந்தது. ஸ்டோரேஜ் தொழிலில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், காலி இடம் குறைந்துதான் பார்த்திருப்பார்கள். தானாகக் கூடி நான் பார்த்ததே இல்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு அரை நிமிடம், யாரோ பழைய குப்பையைச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் வயிற்றில் ஏதோ பிசைந்தது.

அதற்குள், எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பேக்கப் கேட்டலாக்கும் போயிருந்தது. சர்வர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தன. எங்களைக் காப்பாற்றியது டேப், அதாவது காந்த நாடா. வாரம் ஒருமுறை டேப்பில் எழுதி வெளியே ஓரிடத்தில் வைப்பது பழைய வழக்கம். அது வீண் செலவு, நிறுத்திவிடலாம் என்று அதற்கு முன் இரண்டு தடவை பரிந்துரை எழுதியவன் யார் தெரியுமா? நான்தான். நல்லவேளை, அந்தப் படிவமும் திரும்பி வந்திருந்தது. அலமாரியில் சும்மா கிடக்கும் டேப்புக்குப் பதிப்பு எண்ணும் கிடையாது, போர்ட்டும் கிடையாது. எல்லாவற்றையும் மீட்டு எடுக்க 9 நாள் ஆனது. கடைசி 5 நாள் தரவு வரவே இல்லை.

பத்தாம் நாள் எங்கள் நிறுவனம் அறிக்கை விட்டது. அதில் இருந்த வாக்கியம்: "இதற்கு முன் கண்டிராத, மிக நுட்பமான தாக்குதல்." பத்திரிகைகள் அப்படியே போட்டன. பேட்ச் வெளியாகி 14 மாதம் ஆகியிருந்தது. அந்த 14 மாதத்தையும் நாள் கணக்கில் அறிந்த ஒருவன் அந்த அறிக்கை வெளியான அறையில்தான் உட்கார்ந்திருந்தான். வாய் திறக்கவில்லை. ஆகவே கடந்த வாரம் தங்கள் நான்காவது பத்தியைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம் மட்டும் இல்லை.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இப்படி ஒரு செய்தி வரும்போது நிறுவனத்திடம் இரண்டு தேதிகளைக் கேளுங்கள். திருடர்கள் உள்ளே வந்த ஓட்டைக்கு பேட்ச் எப்போது வெளியானது? அதை நீங்கள் எப்போது போட்டீர்கள்? பதில் வந்தால் போடுங்கள். சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்று போடுங்கள். தொழில்நுட்பம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாலம் இடிந்தால் கடைசியாகச் சோதனை செய்தது எப்போது என்று தங்கள் நிருபர் கேட்கிறார் அல்லவா, அதே கேள்விதான் இது.

இதைச் சொன்னால் பாதுகாப்புத் துறையில் இருக்கும் என் நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். ஓட்டையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினால் திருடனுக்கு வழி காட்டியதாகும் என்பது அவர் கட்சி. பேட்ச் வராத ஓட்டையைப் பற்றி என்றால் நான் அவர் பக்கம். பேட்ச் வந்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. பேட்சுக்கு முந்தைய மென்பொருளையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்து என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் திருடர்கள் செய்யும் முதல் வேலை. வீம் விஷயத்தில் மூன்று வாரத்தில் முடிந்தது அதுதான். பத்திரிகை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் எந்தத் திருடனும் இல்லை. தெரியாமல் இருப்பது நிறுவனத்தின் இயக்குநர்களுக்கும் அதில் பணம் போட்டவர்களுக்கும், தங்கள் விவரத்தை நம்பிக் கொடுத்த பொதுமக்களுக்கும்தான்.

அந்த இரண்டு தேதிகள் நிறுவனத்துக்கு எதிராகத்தான் இருக்கும் என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் காம்வால்ட் என்ற பேக்கப் மென்பொருள் நிறுவனத்தின் கிளவுட் சூழலில் ஒரு நாட்டின் பின்புலம் உள்ள ஆட்கள் நுழைந்திருப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. அந்த ஓட்டை அப்போது யாருக்கும் தெரியாது, பேட்சும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் "யாரும் கண்டிராத" என்ற சொல் உண்மை. அதை உண்மையாகவே சொல்ல வேண்டியவர்களுக்காவது அந்தச் சொல்லை மிச்சம் வைக்க வேண்டாமா?

வெண்டர்களிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். சில நிறுவனங்கள் பாதுகாப்பு அறிவிப்பையே வாடிக்கையாளர் லாகின் போட்டால்தான் காட்டுகின்றன. ஒப்பந்தம் காலாவதியான வாடிக்கையாளருக்கு பேட்ச் இறக்கும் உரிமையும் போய்விடும். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு எழுத்து இல்லாமல் இல்லை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 அக்டோபரில் ஸ்டோரேஜ் பாதுகாப்புக்கென்றே 800-209 என்ற வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அடிபட்ட பிறகு நாங்கள் அதைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். மேலாண்மைத் திரை இப்போது தனி நெட்வொர்க்கில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட்டை அழிக்க இரண்டு பேர் ஒப்புதல் தர வேண்டும். ஒரு பகுதிப் பிரதிகளை, குறித்த நாள் வரை அட்மினாலேயே அழிக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறோம். எச்சரிக்கைகள் ஓய்வு பெறாத ஒருவருக்குப் போகின்றன. அந்த சர்வர் யாருடைய சொத்து என்ற தகராறும் தீர்ந்தது. என் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பழைய டேட்டாபேஸ் சர்வரையும் ஒருவழியாக மாற்றியாகிவிட்டது. 14 மாதம் கிடைக்காத டவுன்டைம், அடிபட்ட பிறகு ஒரே மின்னஞ்சலில் கிடைத்தது.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவது தங்கள் உரிமை. என் கதையை முழுக்க எடுத்துவிட்டாலும் வருத்தமில்லை, மற்ற தேதிகளை மட்டும் வெட்டாமல் விடுங்கள்.

தங்கள் நிருபரிடம் கேட்கச் சொன்னதை நானும் சொல்லியாக வேண்டும் அல்லவா. இன்றைய தேதியில் எங்கள் மேலாண்மை சர்வரில் இரண்டு பேட்ச் பாக்கி இருக்கின்றன. ஒன்று வெளியாகி 16 நாள், இன்னொன்று 9 நாள். வரும் சனிக்கிழமை இரவு 11 மணியிலிருந்து 4 மணி நேரம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டோரேஜ் அட்மின் ஒருவன்
(பெயரும் முகவரியும் தங்கள் அலுவலகத்துக்கு மட்டும், அச்சிட வேண்டாம்)